தோளுக்குப் பின்னால் மறைந்த எண்: ஒரு நாட் போர் விமான மாதிரிக்குக் கிட், டெக்கால், நூல் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்த பெரியவருக்கு 2025 ஐப்பசியில் எண்பது வயது நிறைவடைய இருந்தது. இளம்வயதில் இந்திய வான்படையில் சேர்ந்து, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவராக, பயிற்சி பெற்று, 1964 முதல் 1969 வரை நாட் (Gnat) என்னும் சிறிய ஜெட் போர் விமானங்களைக் கொண்ட ஒரு ஸ்குவாட்ரனில் (வான்படைப் பிரிவில்) பணியாற்றியவர் அவர். மதுரை அண்ணா நகரில் வசிக்கும் அவருடைய பேரன் தை மாதத்தில், மாதிரி விமானங்கள் செய்யும் என்னிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். விமானத்தின் பின்பகுதியில் ஒரு கையை ஊன்றியபடி மெலிந்த இளைஞர் ஒருவர் நிற்கிறார். அவர் தோளுக்கு இடப்புறம் விமானத்தின் பதிவு எண் தெரிகிறது, கடைசி இலக்கம் மட்டும் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. “அண்ணே, இதே விமானத்தைச் செஞ்சு தாத்தாவுக்குக் குடுக்கணும்” என்பதுதான் கோரிக்கை.

“ஒரு நாட் விமானம்” என்று கேட்டிருந்தால் வேலை இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். “இதே விமானம்” என்று கேட்டதால் ஒன்பது மாதம் ஆயிற்று. அந்த ஒன்பது மாதத்தில் எதை வாங்கினோம், எதை ஒதுக்கினோம், ஏன் ஒதுக்கினோம் என்பதே இந்த ஆய்வின் பொருள். முதலில் கிட்டை (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய பெட்டி) வாங்கினோம், பிறகு டெக்காலை (தண்ணீரில் ஊறவைத்து மாதிரியின்மேல் ஒட்டும் எண்களும் குறிகளும் அச்சிட்ட தாள்) தேடினோம், கடைசியில் நூல்களைப் புரட்டினோம். வரிசை நேர்த் தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பதை இரண்டாவது மாதத்திலேயே பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

முதல் பிழை

நாட் விமானத்தில் இரண்டு வகைகள் உண்டு. 1955 ஜூலை 18 அன்று முதன்முதலாகப் பறந்த ஒற்றை இருக்கைப் போர் விமானம் ஒன்று. பிரித்தானிய வான்படையின் பயிற்சிக்காகப் பின்னர் உருவாக்கப்பட்ட இரட்டை இருக்கை விமானம் மற்றொன்று. இந்தியா வாங்கியதும், பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்ததும், 1965, 1971 போர்களில் பறந்ததும் ஒற்றை இருக்கை வகையே. எளிதில் கிடைக்கும் கிட்டுகளோ பெரும்பாலும் இரட்டை இருக்கை வகைக்கானவை, ஏனென்றால் பிரித்தானியச் சாகசப் பறப்புக் குழுவின் சிவப்பு நிறத்தில் அந்த விமானம் உலகப் புகழ் பெற்றது. இவ்வளவும் தெரிந்திருந்தும், பின் இருக்கையை அடைத்துவிட்டு மூக்குப் பகுதியைச் சற்றே செதுக்கினால் போதும் என்று எண்ணி, கையில் கிடைத்த பயிற்சி விமானக் கிட்டை 1:72 அளவில், அதாவது உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு அளவில், வாங்கினேன்.

வெர்னியர் காலிப்பரை எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒற்றை இருக்கை நாட் விமானத்தின் இறக்கை விரிவு 6.73 மீட்டர், அதை 72ஆல் வகுத்தால் 93.5 மில்லிமீட்டர். பயிற்சி விமானத்தின் விரிவு 7.32 மீட்டர், அதாவது 1:72 அளவில் 101.7 மில்லிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் மாதிரியில் எட்டு மில்லிமீட்டர் வேறுபாட்டை அரத்தால் மறைக்க இயலாது. உடலின் நீளமும் வேறு. இறக்கையின் அசையும் பகுதிகளின் அமைப்பும் வேறு: போர் விமானத்தில் உட்புறமாக அமைந்த எய்லரான்களே (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் தகடுகள்) தரையிறங்கும்போது தாழ்ந்து ஃபிளாப்பாகவும் (மெதுவாக இறங்க உதவும் தகடு) வேலை செய்யும், பயிற்சி விமானத்தில் ஃபிளாப் உட்புறமும் எய்லரான் வெளிப்புறமுமாகத் தனித்தனியே உள்ளன. காற்று நுழைவாயில்களின் பக்கச் சுவர்களில் இருக்க வேண்டிய 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் இரண்டும் பயிற்சி விமானத்தில் இல்லை. இவை அனைத்தையும் மாற்றி அமைப்பதைவிட மரத்திலேயே ஒன்றைச் செதுக்கிவிடலாம்.

இங்கே விலையைப் பற்றியும் ஒரு சொல். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. அளவு குறைத்த மாதிரிகளும் சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன; போதாக்குறைக்கு 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயமாயிற்று. எழுபது வயதுக்காரர் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டும் பொருளும் மூன்று வயதுக் குழந்தையின் கிலுகிலுப்பையும் அரசின் கண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே தவறான கிட்டை வாங்கிவிட்டு, போனால் போகட்டும் என்று இன்னொன்றை வாங்கும் வசதி மதுரைக்காரர்களுக்கு இல்லை. வாங்குவதற்கு முன்பே மதிப்பிட்டாக வேண்டும்.

நூல்கள்

பயிற்சி விமானக் கிட்டை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, நூல்களிலிருந்து மீண்டும் தொடங்கினோம். எங்களிடம் மூன்று நூல்கள் இருந்தன. முதலாவது, விமானங்களின் பக்கவாட்டுத் தோற்றத்தை வண்ணத்தில் வரைந்து வெளியிடும் வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, போர் வரலாறு. மூன்றாவது, அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒரு விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துத் தொகுத்தது. மூன்றும் மூன்று வகையில் உதவின. மூன்று வகையில் ஏமாற்றவும் பார்த்தன.

வண்ணப் படநூல்தான் கையில் எடுத்தவுடன் நம்பிக்கை தருவது, ஆகையால் அதுவே அதிக ஆபத்தானது. ஓவியர் வரைந்த பக்கவாட்டுப் படம் எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரையப்பட்டது என்பதை அந்த நூல் எங்கும் சொல்லவில்லை. இடப்பக்கத் தோற்றம் மட்டுமே வரையப்பட்ட விமானத்தின் வலப்பக்கம் எப்படி இருந்தது என்பது ஓவியருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடிப்பகுதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இத்தகைய நூலை மதிப்பிட நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது: மூலப் புகைப்படமும் கிடைக்கும் ஒரு விமானத்தை அந்த நூலில் தேடி எடுத்து, புகைப்படத்தையும் ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. எங்கள் நூலில் அப்படி மூன்று விமானங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்றில் எழுத்தின் உயரமும் இன்னொன்றில் வான்படையின் வட்டக் குறியின் இடமும் தவறியிருந்தன. மூன்றில் இரண்டு தவறினால் மற்றப் பக்கங்களையும் அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

வரலாற்று நூலில் படங்கள் சிறியவை, தாள் மட்டமானது, ஆனால் எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது அதுதான். எந்த ஸ்குவாட்ரன் எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்ற செய்தி அதில்தான் கிடைத்தது. புகைப்படத்தின் காலத்தைச் சுருக்க உதவிய குறிப்பும் அதிலிருந்தே வந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் பஸ்ரூரில் தரையிறங்கிப் பிடிபட்டு இன்று கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கும் நாட் விமானத்தின் எண் ஐஇ1083. அதாவது எண்ணுக்கு முன்னால் ஐ, இ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். பிற்கால விமானங்களிலோ முன்னிருந்த ‘ஐ’ நீங்கி ‘இ’ மட்டுமே காணப்படுகிறது. எங்கள் புகைப்படத்தில் இரண்டு எழுத்துகளும் தெளிவாக இருந்தன. பெரியவர் அந்த ஸ்குவாட்ரனில் இருந்த ஐந்து ஆண்டுகளில் இப்படம் முற்பகுதியைச் சேர்ந்தது என்று கொள்ள இது ஒரு வலுவான சான்று.

அருங்காட்சியக விமானத்தின் படத்தொகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. சக்கர அறையின் உள்ளமைப்பு, மூடிகளின் கீல்கள், காற்று நுழைவாயிலின் உதட்டு வளைவு ஆகியவற்றுக்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை. நிறத்துக்கும் குறிகளுக்கும் அது சான்றே ஆகாது, ஏனென்றால் வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்துக்கு அவ்வப்போது வண்ணம் பூசுகிறவர் கையில் கிடைத்த டப்பாவைத்தான் திறப்பார். வடிவத்துக்கு அருங்காட்சியகம், குறிகளுக்கு அக்காலத்துப் புகைப்படம் என்று பிரித்துக்கொண்டோம்.

மூன்றாவது நூலில் 1:72 என்று குறிப்பிட்ட ஒரு வரைபடம் இருந்தது. இறக்கை விரிவை அளந்தால் 91 மில்லிமீட்டர்தான் வந்தது. வரைந்தவர் பிழையா, அச்சடித்தவர் பிழையா என்பதைப் பிரித்தறிய அதே பக்கத்திலிருந்த அளவுக்கோட்டைப் பார்த்தோம். பத்து அடி என்று குறித்த கோடு 1:72 அளவில் 42.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; இருந்ததோ 41.2. இரண்டு குறைவும் ஒரே விகிதத்தில் இருந்ததால், வரைபடம் சரியானது, அச்சில்தான் சுருங்கியிருக்கிறது என்பது உறுதியாயிற்று. டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 103 சதவீதத்தில் நகலெடுத்ததும் விரிவு 93.7க்கு வந்தது, கால் மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: நகல் இயந்திரம் தாளை இழுக்கும் திசையில் ஒரு அளவும் குறுக்குத் திசையில் வேறு அளவும் தரலாம், ஆகவே நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். நாட் விமானத்தின் நீளத்தை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நூலுக்கு நூல் அது 8.74 மீட்டர் என்றும் ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல் என்றும் மாறுகிறது. இறக்கை விரிவில் அவ்வளவு பெரிய மாறுபாடு இல்லை.

டெக்கால்கள்

இந்திய வான்படைக்கான டெக்கால் தாள்கள் புகழ்பெற்ற விமானங்களைச் சுற்றியே வருகின்றன. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் போரிட்டு வீழ்ந்து, இந்திய வான்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செகோனின் நாட், அதற்கு மூன்று வாரம் முன்பு நவம்பர் 22 அன்று வங்காள எல்லையில் போய்ரா வானில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்திய நாட் விமானங்கள் போன்றவையே அத்தாள்களில் இடம்பெறும். நம் பெரியவர் ஸ்பேனர் பிடித்த விமானத்துக்குத் தாள் அடிக்க யாருக்கும் காரணம் இல்லை. எனவே, சரியான எண் கொண்ட தாளைத் தேடுவதை விட்டுவிட்டு, எண்ணைத் தனித்தனி இலக்கங்களாகச் சேர்த்து அமைக்கத் தோதான தாளைத் தேடினோம்.

இரண்டு தாள்கள் கைக்கு வந்தன. அவற்றை மதிப்பிட எனக்கு உதவியவர் மாதிரி விமானம் செய்பவர் அல்லர். சிவகாசியில் முப்பது ஆண்டு ஆஃப்செட் அச்சகத்தில் இருந்த நண்பர். தெற்கு ஆவணி மூல வீதியில் பொற்கொல்லர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை ஒன்று வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தவர், “அண்ணாச்சி, இது நாலு கலர்ல அடிச்சது. காவியில புள்ளி புள்ளியாத் தெரியுது பாருங்க. ரிஜிஸ்டரும் அவுட்டு” என்று அரை நிமிடத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது இதுதான். வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை என அமைந்த வட்டக் குறியில் காவியை மஞ்சள், சிவப்புப் புள்ளிகளின் கலவையாக அச்சிட்டால் கண்ணுக்குக் காவியாகத் தோன்றுமே தவிர, விளிம்பு பிசிறும். காவிக்கென்றே தனி மை கலந்து அடித்திருந்தால் விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் இருக்கும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் வெள்ளை வளையம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில் 0.3 மில்லிமீட்டர் விலகல் ஒரு கை தூரத்திலிருந்தே தெரியும்.

இரண்டாவது தாள் தனி மையில் அடிக்கப்பட்டது, விளிம்பு சுத்தமாக இருந்தது. ஆனால் நிறங்களுக்கு அடியில் உள்ள வெள்ளைக்குப் போதிய தடிப்பு இருக்கிறதா என்பதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தாளில் மிகுதியாக இருந்த ஒரு வட்டத்தை வெட்டி, பாதி கறுப்பும் பாதி வெள்ளியுமாக வண்ணம் பூசிய பிளாஸ்டிக் துண்டின்மேல் ஒட்டிப் பார்த்தேன். கறுப்பின்மேல் காவி சற்று மங்கியது. வெள்ளியின்மேல் நன்றாக நின்றது. எங்கள் விமானம் வெள்ளி நிறம் என்பதால் தாள் தேறியது. பச்சை உருமறைப்பு வண்ணம் பூசிய விமானத்துக்கு இதே தாளை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன்.

வால் துடுப்பில் வரும் மூவண்ணப் பட்டை இரு பக்கத்திலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைய வேண்டும், ஏனென்றால் விமானத்தின் முன்பக்கம் பார்த்த நிறம் இரு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கும். முதல் தாளில் இரண்டு பட்டைகளும் ஒரே மாதிரி அச்சாகியிருந்தன. ஆயிரக்கணக்கில் விற்ற ஒரு தாளில் இது எப்படி எவர் கண்ணுக்கும் படாமல் போயிற்று என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

எழுத்தின் உயரத்தை அளக்க நல்ல அளவுகோல் ஒன்று புகைப்படத்துக்குள்ளேயே இருந்தது. பெரியவர் வான்படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பில் அவர் உயரம் 168 சென்டிமீட்டர் என்று இருந்தது. அவர் எழுத்துகளை ஒட்டியே நின்றதால் தொலைவினால் வரும் சிதைவு குறைவு. படத்தில் எழுத்தின் உயரம் அவர் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 21 சென்டிமீட்டர். 1:72 அளவில் 2.9 மில்லிமீட்டர். தாளில் 2.5, 3 என்ற இரு உயரங்களில் இலக்கங்கள் இருந்தன. மூன்றைத் தேர்ந்தோம்.

ஒட்டும்போது நேர்ந்த ஒன்றையும் குறிக்க வேண்டும். எங்கள் தெருவில் வருவது உப்புத் தண்ணீர். அதில் டெக்காலை ஊறவைத்து ஒட்டிய முதல் சோதனைத் துண்டில், காய்ந்தபின் படலத்துக்கு அடியில் வெண்ணிறத் திட்டு படிந்தது. வெள்ளி நிறப் பரப்பில் அது பூஞ்சைபோலத் தெரிந்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீருக்கு மாறியதும் அந்தத் தொல்லை நின்றது. கிட்டோடு வந்த பழைய தாள் ஒன்று மஞ்சளித்திருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன், சித்திரை வெயில் பத்து நாளில் வெளுத்துக் கொடுத்தது. மதுரை வெயிலால் எனக்குக் கிடைத்த நன்மை என்று அது ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

கிட்

நூல்களும் டெக்கால்களும் உறுதியானபின் கிட்டைத் தேர்வது சிறிய வேலையாகிவிட்டது. எதிரே இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஒற்றை இருக்கை நாட். மற்றொன்றில் நாட் விமானத்தின் இந்திய வழித்தோன்றலான அஜீத். இரண்டின் உருவமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அஜீத் 1975 மார்ச்சில்தான் முதன்முதலாகப் பறந்தது, எரிபொருளை இறக்கைக்குள்ளேயே தேக்கியதால் இறக்கையடித் தாங்கிகள் ஆயுதங்களுக்கென விடுபட்டன, இருக்கையும் மாறியது. பெட்டியின்மேல் மூவண்ணக் குறி இருக்கிறதே என்று பேரன் அஜீத்தை வாங்கிவிடப் பார்த்தார். அவருடைய தாத்தா அந்த ஸ்குவாட்ரனை விட்டு வெளியேறி ஆறு ஆண்டு கழித்துப் பிறந்த விமானம் அது.

நாட் கிட் குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் டையில் (வார்ப்பு அச்சில்) செய்யப்பட்டது. துண்டுகளில் பிசிறு மிகுதி, இணைப்புக்கு முளைகள் இல்லை, தடித்த பகுதிகளின் மறுபக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது. இவை எல்லாம் உழைத்தால் தீரும் குறைகள். உழைப்பால் தீராத குறை இருக்கிறதா என்பதையே முதலில் பார்த்தேன். துண்டுகளை டேப்பால் ஒட்டி அளந்தபோது இறக்கை விரிவு 93.1, தேவைக்கு 0.4 குறைவு. காற்று நுழைவாயிலின் வளைவு திருத்திய வரைபடத்தோடு பொருந்தியது. விமானி மூடியின் கண்ணாடி தடித்திருந்தாலும் வளைவு சரி. கிட் தேறியது.

இந்த வகைக் கிட்டில் உடலின் இரு பாதிகளையும் உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்தே ஒட்ட வேண்டும். அப்போது ஒரு கணக்கு மனத்தில் இருக்க வேண்டும்: ஒவ்வொரு பாதியிலும் 0.3 மில்லிமீட்டர் தேய்த்தால் உடலின் அகலம் 0.6 குறையும், உண்மை விமானத்தில் அது 43 மில்லிமீட்டர். நான்கு இடத்தில் காலிப்பர் வைத்துக்கொண்டே தேய்த்தேன். வெள்ளி நிறம் என்பதால் மேற்பரப்பில் உள்ள சிறு கீறலும் தப்பாது. உருமறைப்பு வண்ணம் மூடி மறைக்கும் பாவங்களை எல்லாம் உலோக நிறம் ஊருக்குச் சொல்லிவிடும். புட்டி வைத்த இடத்தை மூன்று முறை தேய்த்து மூன்று முறை பூச வேண்டியிருந்தது. மூக்கில் எடை வைக்காவிட்டால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும் என்பதால், மீன்பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் ஈயத்துண்டைத் தட்டி நசுக்கி, விமானி அறைக்கு முன்னாலிருந்த இண்டு இடுக்கிலெல்லாம் திணித்தேன். புரட்டாசி இறுதியில் ஈரக்காற்று தொடங்கிவிட்டால் மேற்பூச்சு வெளிறிப்போகும் என்பதால் அதற்குமுன் அந்த வேலையை முடித்தோம்.

கடைசி இலக்கம்

ஒன்று மிஞ்சியது. பேரன் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டபோது பெரியவர் அந்த விமானத்தின் கடைசி எண் ஏழு என்று சொல்லியிருந்தார். புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தோளுக்கு இப்பால் எட்டிப் பார்க்கும் இலக்கத்தின் இடது விளிம்பில் மேற்பாதியில் மட்டும் ஒரு வளைவு இருந்தது. ஏழுக்கு அந்த வளைவு வராது. எட்டுக்கும் ஆறுக்கும் கீழ்ப்பாதியிலும் வளைவு வேண்டும். ஒன்பதுதான் பொருந்தியது. ஆனால் ஐந்து ஆண்டு கையால் தொட்ட மனிதர் ஒரு பக்கம், தேய்ந்த படத்தில் அரை மில்லிமீட்டர் வளைவு மறுபக்கம். எந்தச் சான்றுக்கு எடை அதிகம் என்பதில் நான் தீர்மானத்துக்கு வரவில்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் கடைசி இலக்கத்துக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டு, ஏழும் ஒன்பதும் இரண்டிரண்டு தனியே வெட்டி எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போனோம்.

பெரியவர் மாதிரியைக் கையில் வாங்கி முதலில் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். சக்கர மூடிகளை எண்ணினார். பிறகு புகைப்படத்தையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தோம். கண்ணில் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏழு இல்ல தம்பி, ஒம்பது. ஏழு பக்கத்து ஷெட்டுல நின்னது. அதுக்கு எப்பவும் ஹைட்ராலிக் லீக்கு, அதான் மண்டையில நிக்குது.”

தட்டில் பேட்டரித் தண்ணீர் ஊற்றி, ஒன்பதை ஊறவைத்தேன்.